கடலூர் நகைக்கடைக்காரருக்கு எந்தக் காலிபர்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் நகைக்கடை, வாரத்தில் சில நாள் சரக்கோடு புதுச்சேரி போய்வரும் வேலை, கைத்துப்பாக்கி லைசென்ஸ் வரப்போகிற நிலைமை. ஒரு நண்பர் "9 எம்.எம். இல்லாவிட்டால் வாங்கவே வாங்காதே" என்கிறார். கடை மேனேஜர் .32 போதும் என்கிறார். வீட்டம்மாவோ, தானும் கற்றுக்கொள்வதாக இருந்தால் கைக்கு அடங்கிய .22 வேண்டும் என்கிறார். இதற்கு நடுவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பிஸ்டல் ஷூட்டிங்கில் ஆசை. எல்லாருக்கும் சேர்த்து எந்தக் காலிபர், அதாவது எந்தக் குழல் அளவு என்று கேட்கிறீர்கள் (.22, .32 என்பவை அங்குலக் கணக்கு).

உங்களுக்கு .32 ரிவால்வர், அதாவது சுழலும் சிலிண்டரில் தோட்டா போடும் வகை. மகளுக்கு 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். இரண்டையும் ஒரே துப்பாக்கியால் தீர்க்க முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டு இதையெல்லாம் யோசிக்க நேரம் இருக்காது.

முதலில் நண்பரின் 9 எம்.எம். விஷயத்தை முடித்துவிடலாம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். நம் ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அது துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட போர் (bore, குழல் அளவு), தடைசெய்யப்படாத போர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. ராணுவமும் போலீசும் பயன்படுத்திய, பயன்படுத்துகிற தோட்டாக்கள் தனியார் கையில் புழங்கக் கூடாது என்பதுதான் இந்தப் பிரிவினையின் உள்நோக்கம். 9 மி.மீ., .38, .455 எல்லாம் தடைப் பட்டியலில் வரும். அவற்றுக்குக் கலெக்டரால் லைசென்ஸ் தர முடியாது. விஷயம் டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். உயிருக்கு உண்மையான, எழுத்தில் காட்டக்கூடிய அச்சுறுத்தல் உள்ள ஒருசிலருக்குத்தான் கிடைக்கிறது. உரிமமில்லாமல் அப்படியொன்றை வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் 14. "பீகாரில் இருந்து ஒன்று வாங்கித் தருகிறேன்" என்று யாராவது காதில் ஓதினால் அந்த ஆளோடு பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

ஆகவே நம் ஊரில் காலிபர் தேர்வு என்பது சின்ன வட்டம். கடையில் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் .22, அப்புறம் .32. பழைய .25 பிஸ்டல்கள் அங்கங்கே கைமாறும். 1980-களின் நடுவில் இறக்குமதிக் கதவு சாத்தப்பட்டதால், அதற்கு முன்னால் வந்த வால்தர், வெப்லி போன்ற .32 பிஸ்டல்களுக்கு இன்று சில லட்சங்கள் விலை. அவை நல்ல துப்பாக்கிகள்தான். ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பெயருக்கும் அருமைக்கும் போகிறது. மேகசின் (பிஸ்டலின் பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) ஒன்று தொலைந்தால் மாற்று தேட ஊர் ஊராக அலைய வேண்டும்.

சரி, சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். .32 உண்மையில் போதுமா? இது நியாயமான கேள்வி.

நீங்கள் நகைக்காரர், அதனால் சவரனிலேயே சொல்கிறேன். வழக்கமான .22 தோட்டாவில் குண்டின் எடை 2.6 கிராம், சவரனில் மூன்றில் ஒரு பங்கு. .32 பிஸ்டல் குண்டு 4.6 கிராம், அரைச் சவரனுக்குச் சற்று மேலே. .32 ரிவால்வர் குண்டு 6.3 கிராம் சொச்சம், முக்கால் சவரனைத் தாண்டும். 9 எம்.எம். குண்டு ஏழரை கிராம், ஏறத்தாழ ஒரு சவரன். அமெரிக்கர்கள் பெருமை பேசும் .45 குண்டு கிட்டத்தட்ட 15 கிராம், இரண்டு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. எடையோடு வேகமும் சேர்ந்தால்தான் கணக்கு. வேகத்தின் வர்க்கத்தால் ஆற்றல் ஏறும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்படிப் பார்த்தால் .22 கைத்துப்பாக்கியில் 120 ஜூல் அளவு, .32 ரிவால்வரில் 150-ஐ ஒட்டி, .32 பிஸ்டலில் 175-ஐ ஒட்டி, 9 எம்.எம்.மிலும் .45-லும் 450 முதல் 480 வரை. குழல் நீளம், தோட்டாவின் தயாரிப்பு இவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும்.

இந்த எண்களைப் பார்த்ததும் உங்கள் நண்பர் "நான் சொன்னேனா இல்லையா" என்பார். கொஞ்சம் பொறுங்கள். 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மியாமி பகுதியில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆட்களும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களும் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டார்கள். இரண்டு அதிகாரிகள் செத்துப்போனார்கள், ஐந்து பேருக்குக் காயம். கொள்ளையர்களில் ஒருவன் உடலில் ஆரம்பத்திலேயே 9 எம்.எம். குண்டு பாய்ந்திருந்தது, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். பழி 9 எம்.எம். மேல் விழுந்தது. பெரிய காலிபர் வேண்டும் என்று 10 எம்.எம்.முக்குப் போனார்கள். சுடும்போது கையில் விழும் அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை என்று 1990-இல் வந்த .40-க்கு மாறினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2015 வாக்கில், மறுபடி 9 எம்.எம்.முக்கே திரும்பினார்கள். அதற்குள் குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டிருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், உதை குறைந்த துப்பாக்கியில் அவர்களுடைய ஆட்கள் வேகமாகவும் சரியான இடத்திலும் சுட்டார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வருடம் முழுக்கப் பயிற்சி எடுப்பவர்களுக்கே இந்தக் கதை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஜூல் கணக்கை விடக் கைப்பழக்கம் பெரிது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

.32 பலவீனமான காலிபர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நாலைந்து கஜத் தூரத்தில், பயந்த கையோடு, முதல் இரண்டு குண்டையும் நினைத்த இடத்தில் போட முடிகிற காலிபரும் அதுதான்.

இனி, கடைக்காரர்கள் சரியாக விளக்காத ஒரு விஷயம். .32 என்பது ஒரே தோட்டா இல்லை. பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., ரிவால்வருக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். முன்னதை ஜான் பிரௌனிங் வடிவமைக்க, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1899-இல் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் அதை 7.65 என்பார்கள், நம் ஊர்ப் பெட்டிகளிலும் அந்த எண்ணைப் பார்க்கலாம். பின்னது 1896-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வருக்காக வந்தது. நீளம் அதிகம், அடியில் அகலமான விளிம்பு இருக்கும். பிஸ்டல் தோட்டாவுக்கு அந்த விளிம்பு இருந்தும் இல்லாத மாதிரி மெலிதாக இருக்கும். ரிவால்வர் தோட்டா பிஸ்டலுக்குள் போகாது, அதில் பிரச்சினை இல்லை. வம்பு எதிர்ப்பக்கம்: பிஸ்டல் தோட்டா பல .32 ரிவால்வர்களின் தோட்டா அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். அதன் அழுத்தம் அதிகம், விளிம்பும் சரியாகப் பிடிக்காது. பழைய ரிவால்வராக இருந்தால் சிலிண்டருக்கே ஆபத்து. பெட்டியில் ".32" என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் குழலில் பொறித்திருக்கும் முழுப் பெயரும் பெட்டியில் இருக்கும் முழுப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

பிரௌனிங் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அதற்கான பயிற்சியை வ.வே.சு. ஐயர் கொடுத்தது புதுச்சேரியில், கருவடிக்குப்பம் பக்கம். பிரெஞ்சு ஆட்சி இருந்ததால் அது முடிந்தது. இன்று அதே கருவடிக்குப்பத்தில் ஒரு ஏர் கன் சத்தம் கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் 100-க்குப் போன் போட்டுவிடுவார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு .32-இல் உங்களுக்கு நான் ரிவால்வரைச் சொல்வதற்குக் காரணம் குண்டின் சக்தி இல்லை. அதில் பிஸ்டல் ஒரு படி மேலே. அரசுத் தொழிற்சாலையின் அசனி போன்ற .32 பிஸ்டலில் தோட்டாவும் அதிகம் பிடிக்கும், இடுப்பில் தட்டையாக உட்காரும். ஆனால் பிஸ்டல் கேட்கிற பழக்கம் வேறு. மேகசினைக் கழற்றினாலும் குழலின் பின்னால் உள்ள அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பது கைக்கே தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் வராதவர் வீட்டில் "காலி என்று நினைத்தேன்" என்ற வாக்கியம் பிறக்கிறது. தவிர, தோட்டா சிக்கிக்கொண்டால் சிலைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) இழுத்துத் தட்டி விடுவிக்கிற வேலை இருக்கிறது. பதற்றத்தில் அது தானாக வர நூற்றுக்கணக்கில் சுட்டிருக்க வேண்டும். நமக்கு லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் தோட்டா கிடையாது, ஒவ்வொன்றும் விலை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிக்கரை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். சிலிண்டரைத் திறந்தால் எத்தனை இருக்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். டிரிக்கரைக் கடைசி வரை இழுக்கக் கனமாக இருக்கும் என்பது குறை. தவறிப்போய் வெடிப்பதைத் தடுக்கிறது என்ற வகையில் அதுவே ஒரு காவல்.

எந்த ரிவால்வர்? கான்பூரில் செய்யும் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர் பல காலமாகச் சந்தையில் இருக்கிறது. 2014-இல் வந்த நிர்பீக் அரைக் கிலோ எடை, பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தார்கள். 2023-இல் பிரபல் வந்தது, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். தோட்டா மாற்றுவதற்கும், காலியா என்று பார்ப்பதற்கும் பக்கவாட்டில் திறப்பது பழைய ஒடித்துத் திறக்கும் வகையை விட எனக்குப் பிடிக்கும். இன்னொன்று: எடை குறைந்தால் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சுமக்க நல்லது, சுட நல்லதில்லை. ஒரே தோட்டாவை அரைக் கிலோ துப்பாக்கியில் சுட்டால் முக்கால் கிலோவை விடக் கையில் சுருக்கென்று உதைக்கும்.

வீட்டம்மாவின் .22 யோசனை முழுதும் தவறில்லை. உதை கிட்டத்தட்ட இல்லை, தோட்டா விலை குறைவு, பழகுவதற்கு அதைவிட நல்லது கிடையாது. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் நிடர் என்ற .22 ரிவால்வர் 250 கிராம்தான், கைப்பையில் இருப்பதே தெரியாது. ஆனால் .22-இல் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் தோட்டாவின் அடி விளிம்பு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். ஒரு பக்கம் பரவாமல் போய், சுத்தியல் அங்கே விழுந்தால் "டிக்" என்ற சத்தத்தோடு சரி. .32-இல் அடியின் நடுவில் தனி பிரைமர் (பற்றவைக்கும் சின்ன மூடி) இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தற்காப்புக்கு என்றால் .22-ஐ நான் கடைசியில்தான் சொல்வேன். சட்டப்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி வரை அனுமதி. இரண்டாவது இடத்தைப் பழகுவதற்கு ஒரு .22-க்கு ஒதுக்கலாம், அவசரமில்லை. அவரும் உங்கள் ரிவால்வரை எடுத்துக் கையாளலாம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் உங்கள் பெயரில். அவருக்கு வேண்டுமானால் அவர் பெயரில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் உட்பட.

நம் பகுதிக்கென்று இரண்டு பாடு இருக்கிறது. ஒன்று உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்திலிருந்து வீசும் காற்று உங்கள் கடை இரும்பு ஷட்டரை என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். துப்பாக்கியின் நீலப்பூச்சுக்கும் அதே கதிதான், வேர்வைக் கை பட்ட இடத்தில் முதலில் துரு பிடிக்கும். தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உள்ளே வைத்த பித்தளைத் தோட்டா பச்சை பூக்கும். எடுத்துப்போக உறை, வீட்டில் வைக்க உலர்ந்த பெட்டி, சிலிக்கா ஜெல் பையோடு. எண்ணெய்த் துணியால் துடையுங்கள். தோட்டாவின் மேல் மட்டும் எண்ணெய் படக் கூடாது, பிரைமருக்குள் இறங்கி அதைச் சாகடித்துவிடும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் வந்ததும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகி வந்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கிப் பெட்டி கீழ்த்தளத்தில் இருக்க வேண்டாம். நனைந்த தோட்டாவைக் காயவைத்து நம்பாதீர்கள்.

இன்னொன்று எல்லை. கடலூரிலிருந்து வடக்கே போனால் சீக்கிரமே முள்ளோடையில் புதுச்சேரி வந்துவிடுகிறது. நமக்கு அது பக்கத்துத் தெரு, சட்டத்துக்கு அது வேறு ஆட்சிப் பகுதி. புதுச்சேரி நகரத்திலிருந்து காலாப்பட்டுக்குப் போகிறவர் நடுவில் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறார். பயணம் முழுக்கப் புதுச்சேரிக்குள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். லைசென்ஸில் செல்லுபடியாகும் எல்லை எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் முள்ளோடையைத் தாண்டிய நிமிடத்திலிருந்து உங்கள் இடுப்பில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம். விண்ணப்பத்திலேயே புதுச்சேரி வியாபாரப் பயணத்தைக் காரணமாகக் காட்டிக் கேளுங்கள், கூடவே ஜி.எஸ்.டி. பில்களை வையுங்கள். எந்தக் காலிபர் என்று யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. எடுத்துப்போகும்போது உறையில், வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சட்டமன்றத் தேர்தல் ஒன்றாக வருவது வழக்கம் என்பதால் அந்தச் சில வாரங்கள் துப்பாக்கி இல்லாமல்தான் பாதுகாப்பைத் திட்டமிட வேண்டும்.

அப்புறம், சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி. உங்கள் கடை நீள வாக்கில் குறுகலானது, முன்னால் கண்ணாடி, அதற்கு வெளியே கடைவீதி. செங்கல் சுவர் .32 குண்டை நிறுத்தும். கண்ணாடியும் பிளைவுட் தடுப்பும் நிறுத்தாது. கல்லாவிலிருந்து வாசல் பக்கம் சுட்டால் குண்டு போகிற வழியில் பூக்காரம்மா இருப்பார். தற்காப்பு உரிமை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதில் தெளிவு. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு அந்தப் பிரிவுகளைக் காட்ட முடியாது. கடைக்கு என்றால், முன்னாள் ராணுவத்தினர் ஒருவரை 12 போர் துப்பாக்கியோடு காவலுக்கு வைப்பதும் நல்ல கேமராவும் உங்கள் .32-ஐ விட அதிகம் காக்கும். வங்கி வாசலில் அப்படித்தானே நிற்கிறார்கள்? 12 போரின் ஆற்றல் 2000 ஜூலுக்கு மேல். அதைவிட முக்கியம், அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ரிவால்வர் உங்கள் பயணத்துக்கும் இரவு வீட்டுக்கும் இருக்கட்டும்.

மகள் விஷயம்தான் எனக்குச் சந்தோஷமானது. ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பிஸ்டலில் இரண்டு தனிநபர் போட்டி: 10 மீட்டர் ஏர் பிஸ்டல், 25 மீட்டர் பிஸ்டல். முதலாவதில் 4.5 மி.மீ. ஈயப் பெல்லட், இரண்டாவதில் .22. பாரிஸில் 2024-இல் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் ஏர் பிஸ்டலில் வந்தவை, ஒன்று தனியாக, மற்றது சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து. பிஸ்டலை விட்டு ரைபிளுக்குப் போனால், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியிருக்கிறார் என்று மகளிடம் சொல்லுங்கள்.

எல்லாரும் ஏர் பிஸ்டலில்தான் தொடங்க வேண்டும். 4.5 மி.மீ.க்கு மேற்படாமலும் 20 ஜூலுக்கு உட்பட்டும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் 6 ஜூலை ஒட்டித்தான் இருக்கும். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதைப் பத்து மீட்டரிலிருந்து ஒற்றைக் கையால் அடிக்க வேண்டும். இதில் ஒரு வருடம் நின்றால் டிரிக்கரை அலுங்காமல் இழுக்கும் பழக்கம் வந்துவிடும். நீங்களும் மகளோடு நின்று பழகினால் உங்கள் ரிவால்வர் சுடும் கையும் சீராகும். பெல்லட் காசு .32 தோட்டா காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. .22-க்கு அவளாக லைசென்ஸ் எடுக்க 21 வயது ஆக வேண்டும், ஆனால் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகள் கிளப்பில் மேற்பார்வையோடு பயிற்சியில் சுட வழி இருக்கிறது. சென்னை ரைபிள் கிளப் போன்ற இடத்தில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பிஸ்டலை அங்கே கையில் பிடித்துப் பார்க்கட்டும், குறிப்பாகக் கைப்பிடி அளவை. பெரியவர்களுக்கான மர கிரிப் அந்த வயதுக் கைக்குப் பெரிதாக இருக்கும், சின்ன அளவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கிளப் துப்பாக்கியில் சில மாதம் சுட்டுப் பார்த்து, ஆர்வம் நிற்கிறதா என்று தெரிந்த பிறகு சொந்தமாக வாங்குங்கள்.